பட்டியலில் ஏழாவது பெயர்

நவம்பர் மூடுபனி இறங்கிய பிறகு எங்கள் பக்கத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் மூன்றே வகை. வழி தவறிய பால் லாரிக்காரன், வேதப் புத்தகத்தோடு வரும் ஜோடிகள், அப்புறம் தியோலிந்தா ஃபகுண்டிஸ். முதல் இரண்டு வகையையும் வாசலோடு அனுப்பிவிடலாம். தியோலிந்தா கையில் இனிப்பு ரொட்டி இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் துணிச்சல் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் யாருக்கும் வரவில்லை.

தேர்தல் முடிந்து இரண்டு வாரமாகியும் எண்ணி முடித்தபாடில்லை. வாஷிங்டனில் எங்கள் தொகுதிக்கு இருப்பது ஒரே நாற்காலி. ஆறு வருடமாக அதில் கோல்பர்ன் உட்கார்ந்திருக்கிறார். தேர்தல் நாள் நாலாயிரம் ஓட்டு முன்னால் நின்றார். மறுநாளே வெற்றி உரைக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிட்டார் என்று கேள்வி. அப்புறம் தபால் ஓட்டுகள் வரவர நாலாயிரம் ஆயிரமாகி, முந்நூறாகி, அன்று காலை வானொலி சொன்ன கணக்கில் அறுபத்து மூன்றில் வந்து நின்றது. எதிர்த்து நின்றவள் மாட்டு டாக்டர் போர்பா. எங்கள் பக்கத்து மாடுகளில் பாதியின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுப் பார்த்தவள். அந்தக் கையை வாஷிங்டனில் எங்கே விடப்போகிறாளோ என்று தேவாலய வாசலில் பேசிச் சிரித்தோம். அறுபத்து மூன்று என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

தபாலில் வரும் ஓட்டு உறையின் முதுகில் கையெழுத்துப் போட வேண்டும். அது மாவட்ட ஆபீசில் இருக்கும் பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்றால் உறையைப் பிரிக்காமல் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். குறித்த நாளுக்குள் அந்த ஆள் இன்னொரு காகிதத்தில் கையெழுத்திட்டு, நான்தான் அது என்று சொன்னால் உறை பிரியும். இல்லையென்றால் அப்படியே குப்பை. கடைசி நாள் அன்றுதான்; மாலை ஐந்து மணி. இரண்டு கட்சிக்காரர்களும் அந்த ஆட்களைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். கோல்பர்ன் கட்சி ஆபீசில் காலையில் தியோலிந்தாவுக்குக் கொடுத்த பட்டியலில் பதினான்கு பெயர்.

அவள் கோல்பர்னுக்காக அலைவதற்குக் காரணம் உண்டு. அவள் பிறந்த அசோர் தீவில் அக்கா சாகக்கிடந்தபோது காலாவதியான பாஸ்போர்ட்டை மூன்றே நாளில் புதுப்பித்துக் கொடுத்தது அவர் ஆபீஸ்தான். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி இரவு உட்கார்ந்திருக்க அவளுக்குக் கொடுத்து வைத்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறாது. அவர் முகம் போட்ட விளம்பரப் பலகை, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, அவர்கள் வயலில் நிற்கும் வைக்கோல் வண்டியின் மேல் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கிறது. மாடுகள் அதன் நிழலில்தான் படுக்கும்.

காலை ஏழரைக்குக் கிளம்பியவள் பதினொன்றுக்குள் ஆறு வீடு முடித்துவிட்டாள். மூடுபனியில் வண்டியின் மூக்கு தெரியவில்லை. ஒவ்வொரு நாற்சந்தியிலும் நின்று, வானொலியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, குறுக்கே ஏதாவது வருகிறதா என்று காதால் பார்த்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். ஆறு வீட்டிலும் ஒரே பேச்சுதான் பேசினாள். "உங்க கை, உங்க ஓட்டு. யாரோ ஒரு ஆபீஸ்காரன் அதைத் தூக்கிக் குப்பையில போடுறதுக்கு விட்டுடாதீங்க." ஆறு பேரும் கையெழுத்திட்டார்கள். ரொட்டியும் ஆறு குறைந்தது.

ஆறாவது வீட்டு முற்றத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. இறங்கினது கோனி. தியோலிந்தாவின் புருஷன் எர்மீனியுவுடைய தம்பி பெண்டாட்டி, அதாவது அவளுக்கு ஓர்ப்படி. இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். இப்போது போர்பா கட்சி.

"என்னக்கா, ரொட்டி குடுத்து ஓட்டு வாங்குறது சட்டப்படி குத்தமில்லையா?"

"ஓட்டு போன மாசமே போட்டாச்சுடி. இது பசிக்கு. உங்க டாக்டரம்மா என்ன குடுத்து அனுப்பிச்சா? மாட்டு ஊசியா?"

"அவ ஒண்ணும் குடுத்து அனுப்பல. உங்க ஆளு மாதிரி வருசா வருசம் காலண்டர் குடுக்க அவகிட்ட நல்ல போட்டோ இல்ல."

"அவ மூஞ்சிக்கு மாடே மிரளும்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு உன் மாடு கன்னு போட முடியாமக் கத்தினப்ப அந்த மூஞ்சிதான வந்துச்சு? கோல்பர்ன் வந்தாரா, கையில சோப்பு போட்டுக்கிட்டு?"

தியோலிந்தா கார்க் கதவைத் திறந்தாள். கோனி விடவில்லை.

"உன் பட்டியல்ல எத்தனை பேரு?"

"பதினாலு. உனக்கென்ன?"

"எல்லாத்தையும் படிச்சியா?"

"ஒண்ணொண்ணாத்தான் படிப்பேன்." அது உண்மை. ஒரு வரிக்கு மேல் தெரியாதபடி பட்டியலை மடித்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். இல்லாவிட்டால் அடுத்த வீட்டை யோசித்துக்கொண்டே இந்த வீட்டில் பேச வேண்டியிருக்கும் என்பாள்.

"ஏழாவதைப் படி. படிச்சிட்டு ரொட்டிய உன் வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. எங்க ஆபீசுலயும் இதே வரிசையில மொத்தப் பட்டியல் குடுத்திருக்காங்க, தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டு கோனி அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். சிரித்தாளா இல்லையா என்று பனியில் தெரியவில்லை.

தியோலிந்தா காரில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தாள். ஃபகுண்டிஸ், எர்மீனியு. கையெழுத்து பொருந்தவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, ஆபீஸ் மேல். எர்மீனியுவின் கையெழுத்து எப்படிப் பொருந்தாமல் போகும்? அதைப் போடுவதே அவள்தானே. பால் கூட்டுறவுக் காகிதம், வங்கிக் காசோலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீட்டு, மாட்டுத் தீவன ரசீது எல்லாவற்றிலும் எர்மீனியு ஃபகுண்டிஸ் என்று வலப்பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தில் ஒரு வால் சுழித்து ஓடுவது அவள் கைதான். அவன் தீவில் நாலாவதோடு நின்றவன். எந்நேரமும் தொழுவத்தில் முழங்கை வரை ஈரமாக இருப்பான். கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போடு என்று சொல்வதைவிடப் போட்டுவிடுவது சுலபம். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அவனுக்குக் குடியுரிமை வந்ததும் வாக்காளர் பதிவு அட்டையைச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பிக் கையெழுத்திட்டதும் அவளே. அப்போது அவன் கன்று ஈனும் மாட்டோடு இருந்தான். கட்சி எது என்ற கட்டத்திலும் தன் கட்சிக்கு நேராக அவளே புள்ளி வைத்தாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு ஓட்டுச்சீட்டையும் அவள்தான் நிரப்புவாள், இரண்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் சமைக்கிற மாதிரி.

இந்த முறை மட்டும் கட்சி ஆபீஸ் வேலையில் சீட்டுகள் குளிர்பெட்டி மேல் ஒரு வாரம் கிடந்தன. ஒரு நாள் பார்த்தால் அவனுடையதைக் காணோம். கேட்டதற்கு, "அனுப்பியாச்சு" என்றான். குளிர்பெட்டிக் கதவில் யார் யாருக்குப் போட வேண்டும் என்று அவள் ஒட்டி வைத்திருந்த மாதிரிச் சீட்டைப் பார்த்துப் போட்டிருப்பான், பரவாயில்லையே, மனுசன் ஒரு வேலையை முடித்துவிட்டானே என்று சந்தோஷப்பட்டாள். கையெழுத்தை அவள் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது எர்மீனியு சோளத் தீவனக் குவியலின் மேல் நின்றுகொண்டிருந்தான். மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து பழைய டயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே எறிய, கீழே பால்கறக்கும் யூசேபியோ அவற்றை உருட்டிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தான். டயருக்குள் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் இரண்டு பேர் மேலும் தெளித்துக்கொண்டிருந்தது. புளித்த தீவன வாடை பனியில் கனமாக நின்றது.

"ஏ மனுசா, இறங்கி வா."

"இன்னும் இருபது டயர் இருக்கு."

"உனக்கு ஆபீசுலேருந்து கடுதாசி வந்துச்சா?"

மேலே சத்தம் நின்றது. யூசேபியோ டயரை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தான்.

"வந்துச்சு."

"எங்க?"

"மருந்துப் பெட்டியில."

மாட்டு ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டியில், காய்ச்சல் மருந்துப் புட்டிகளுக்கு அடியில் அந்த உறை ஈரமாகிக் கிடந்தது. பத்து நாள் பழசு. இன்னும் பிரிக்கவில்லை.

மதியச் சாப்பாடு மேசைக்கு வந்தது. கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், நாலு வட்டம் வறுத்த பன்றித் தொத்திறைச்சி, சோள ரொட்டி. எர்மீனியு சாப்பிட ஆரம்பித்தான். தியோலிந்தா தட்டைத் தொடவில்லை.

"நீயா கையெழுத்துப் போட்டே?"

"ஆமா."

"என்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்? என் பேருதான?"

"உன் பேருதான். உன் கையெழுத்து இல்ல. அந்த ஆபீசுல இருக்குற உன் கையெழுத்து என் கை போட்டது."

அவன் கொஞ்சம் யோசித்தான். அப்புறம் சிரித்துவிட்டான். தொண்டையில் ரொட்டி சிக்கி இருமும் அளவுக்கு.

"அப்ப நான் போட்டா நான் இல்ல. நீ போட்டாத்தான் நான்."

"சிரிக்காத. யாருக்குப் போட்டே?"

"ஓட்டா? சீட்டு உறைக்குள்ள இருக்கு."

"அதான் யாருக்கு?"

எர்மீனியு ரொட்டித் துண்டால் சூப்புக் கிண்ணத்தின் ஓரத்தைத் துடைத்தான். சாதாரணமாக ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுகிறவன். அன்று ஒரே மூச்சில் பேசினான்.

"தீவன லாரியில உக்காந்து படிச்சேன். நாலு பக்கம். தண்ணிக்கு வரி, பள்ளிக்கூடத்துக்குக் கடன், நீதிபதிங்க, எல்லாம் இருந்துச்சு. முக்கா மணி நேரம் ஆச்சு. பாதி புரியல. புரியாததையும் ரெண்டு தடவ படிச்சேன். யூசேபியோ வந்து தீவனம் போடலையான்னான். இருடா, எனக்கு வேலையிருக்குன்னேன். அந்த மாதிரி யார்கிட்டயும் சொன்னதில்ல நான். அப்புறம் ஒவ்வொண்ணா புள்ளி வச்சேன்." நிறுத்திவிட்டுச் சொன்னான். "நல்லா இருந்துச்சு, தியோ."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"விடு," என்றான் அவன். "ஒரு ஓட்டு. இல்லன்னா நீயே போட்டு அனுப்பிடு. உன் கைதான அவங்களுக்குத் தெரியும்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மணி ஒன்றேகால். தியோலிந்தா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளை நாங்கள் அறிந்தவரை அவள் மனசில் அப்போது ஓடியது என்னவென்று சொல்லிவிடலாம். பிறகு அவளே கோனியிடம் சொன்னதும் அதுதான். போர்பாவுக்குத்தான் போட்டிருக்கிறான். கோல்பர்னுக்குப் போட்டிருந்தால் சொல்லியிருப்பானே. அப்படியென்றால் அந்த உறை அங்கேயே கிடந்து மக்கட்டும். நானாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். பட்டியலில் இன்னும் ஏழு வீடு. ஏழும் நம்ம ஆட்கள். ஐந்து மணிக்குள் முடித்துவிடலாம்.

ஆனால் எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் உறையைப் பிரித்து, கையெழுத்திட வேண்டிய காகிதத்தை முன்னால் இழுத்துப் பேனாவை எடுத்தாள். பட்டியலின் பின்பக்கம் அவன் பெயரை ஒரு தடவை எழுதிப் பார்த்தாள். ஒரு நொடியில் வந்தது, வால் சுழிப்போடு. இதைக் காகிதத்தில் போட்டு அனுப்பினால் ஆபீஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும். அவன் ஓட்டும் எண்ணப்படும், யாருக்கும் எதுவும் தெரியாது. அது ஒரு வழி. அதுவும் வேண்டாம் என்றால் சும்மா இருப்பது இன்னொரு வழி. இரண்டிலும் அவன் தீவன லாரியில் உட்கார்ந்த முக்கால் மணி நேரம் எங்கேயும் இல்லை.

காலையிலிருந்து ஆறு வீட்டில் தான் பேசின பேச்சு அப்போதுதான் அவளுக்கே கேட்டது போலும். பேனாவை மூடினாள். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு தீவனக் குவியலுக்கு நடந்தாள்.

"கையைக் கழுவு. ஆபீசுக்குப் போறோம்."

"மூணு மணிக்குப் பால் கறக்கணும்."

"ஒரு நாள் கறக்காம விட்டா என்னவாம்?"

"மாடு என்ன ஞாயித்துக்கிழமையா பாக்குது? இருபது வருசத்துல ஒரு வேளை தப்பினதில்ல நான்."

யூசேபியோ டயரை உருட்டிக்கொண்டே குறுக்கே வந்தான். பத்தொன்பது வருடமாக அந்தத் தொழுவத்தில் இருக்கிறவன். இந்த நாட்டில் இருக்க இன்னும் காகிதம் கிடைக்காதவன்.

"நான் பாத்துக்கறேன் முதலாளி. எனக்குத்தான் ஓட்டு இல்ல. உங்களுக்கு இருக்கு. போய்ட்டு வாங்க."

எர்மீனியு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான்.

நாற்பது நிமிட வழி பனியில் ஒன்றே முக்கால் மணி நேரமாயிற்று. மாவட்ட ஆபீசில் அவர்களுக்கு முன்னால் வரிசை. இவர்கள் முறை வந்தபோது மணி நாலே கால். கவுண்டரில் ஷியோங் என்று பெயர் அட்டை குத்திய பெண். அவளுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் மேசை மேசையாக உறை பிரிக்கிறார்கள். தடுப்பை ஒட்டி இரண்டு கட்சியின் பார்வையாளர்களும் கழுத்தில் அட்டையோடு நின்றார்கள். கோல்பர்ன் பக்கம் ஒரு இளம் வக்கீல். போர்பா பக்கம், அன்று மாலை முறைக்கு வந்திருந்தவள், கோனி.

ஷியோங் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். மேலே பழைய கையெழுத்து, சாய்ந்து வால் சுழித்து. கீழே உறையில் இருந்தது: எழுத்தெழுத்தாக, வேலிக்கு முளை அடித்த மாதிரி, ஒன்றுக்கொன்று தொடாமல்.

"ஒண்ணுமில்ல ஐயா. மேல இருக்குற மாதிரி ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. முடிஞ்சுது."

எர்மீனியு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தான். பேனாவைப் பிடித்தான். திரையைப் பார்த்துப் பார்த்துத் தன் பெயரைத் தன் பெண்டாட்டி எழுதுவது போல் எழுத முயன்றான். எழுத்து சாய்ந்தது, வால் வரவில்லை. இன்னொரு காகிதம் வாங்கினான். அதிலும் வரவில்லை. நெற்றி வேர்த்துவிட்டது. எண்ணூறு கிலோ மாட்டை ஒரு தோளால் தள்ளி நகர்த்துகிறவன்.

"பரவால்ல ஐயா, வயசானா கை மாறும். இன்னொரு தடவ..."

"அவர் கை மாறல," என்றாள் தியோலிந்தா.

ஷியோங் நிமிர்ந்தாள்.

"மேல இருக்குறது என் கை. முப்பத்தொரு வருசமா நான்தான் போட்டேன். கீழ இருக்குறதுதான் இவரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வக்கீல் கழுத்தை நீட்டினான். கோனி நீட்டவில்லை, அவள் நன்றாகவே கேட்டுவிட்டாள். பின்னால் வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். தேவாலயச் சமையல் கமிட்டியின் தலைவி தியோலிந்தா, திருவிழாவில் யாருக்கு எத்தனை கரண்டி சூப் என்று கணக்குத் தப்பாதவள், அதை ஒரு சொல் விழுங்காமல் சொன்னாள்.

மேலதிகாரி வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாத் தேர்தல்லயுமாம்மா?"

"எல்லாத்துலயும். இந்தத் தடவ மட்டும் இல்ல."

"இந்த உறையில இருக்குறது யாரு கை?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் எர்மீனியு சொன்னான்: "என் கை." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. தொழுவத்தில் பேசிப் பழகிய குரல்.

ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார். அதில் அவனே நேரில் போய்ப் போட்ட கையெழுத்து. வேலி முளைகள். உறையோடு வைத்துப் பார்த்தார். புதுப் பதிவு அட்டை ஒன்றை நீட்டினார். எர்மீனியு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு அதில் பெயரை எழுதினான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இவரு ஓட்டு எண்ணிடலாம்," என்றார் மேலதிகாரி. "உங்களுக்குத் தனியா ஒரு கடுதாசி வரும்மா. பழசைப் பத்தி. அது என் கையில இல்ல."

"வரட்டும்," என்றாள் தியோலிந்தா.

உள்ளே ஒரு பெண் உறையைப் பிரித்தாள். சீட்டை வெளியே எடுத்ததும் எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்த்து மற்றச் சீட்டுகளுக்கு நடுவில் செருகினாள். உறை வேறு பெட்டிக்குப் போனது. ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று வாசனையிலேயே சொல்கிற தியோலிந்தா கால்விரலில் எம்பிப் பார்த்தாள். ஒரு கட்டு காகிதம்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து டாக்டர் போர்பா ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள். அன்று தியோலிந்தா போகாமல் விட்ட ஏழு வீட்டையும் இந்த ஒன்பதையும் வைத்து எங்கள் ஊரில் போடாத கணக்கு இல்லை. ஏழு எப்படி ஒன்பதாகும் என்று கேட்டால், எர்மீனியு ஒன்று என்பார்கள். அப்பவும் எட்டுதானே என்றால் பேச்சை மாற்றுவார்கள். திருவிழாச் சமையல் பொறுப்பு இந்த வருடம் வேறு கைக்குப் போய்விட்டது. கடிதம் வந்தது, ஒரு வக்கீலிடம் இரண்டு தடவை போய்வந்தாள். கோல்பர்ன் பலகையை வயலில் இருந்து அவளே இறக்கினாள், அழுதுகொண்டுதான்.

அதெல்லாம் பிறகு. அன்று ஐந்தேகாலுக்கு ஆபீஸ் வாசலில் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் செல்போன் அடித்தது. கட்சி ஆபீஸ் பெண்.

"அம்மா, உங்க கணக்கு மட்டும் வரல. பதினாலும் முடிஞ்சுதா?"

"ஏழு."

"ஏழுதானா?" குரல் உடைந்துவிட்டது. "மீதி ஏழு என்னாச்சு?"

"நேரம் இல்லம்மா. ஒரு வீட்டுலயே நாள் போயிடுச்சு."

பக்கத்தில் எர்மீனியு இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். யூசேபியோ தனியாகக் கறந்து முடித்திருப்பானா என்று யோசிக்கிறானோ, வேறெதையோ யோசிக்கிறானோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யாருக்கு என்று இப்போது கேட்டால் ஒருவேளை சொல்லியிருப்பான். வாய்வரை வந்தது அவளுக்கு.

"சரி, இந்த ஏழாவது உறுதியா?" என்றாள் அந்தப் பெண். "ஏழும் நம்ம ஓட்டுதானே?"

"ஆறு நம்மளது," என்றாள் தியோலிந்தா. "ஒண்ணு எம் புருசனோடது."